கம்பியில் நிற்கிறவள்

ஜனவரி 11

அண்ணிக்கு,

கடிதம் வீட்டுக்கு வராமல் உங்கள் ஷெட்டுக்கு வருகிறதே என்று பார்க்க வேண்டாம். போனில் பேசினால் ஒன்று அண்ணன் காதில் விழும், இல்லையென்றால் நாம் இரண்டு பேரும் கத்திவிட்டுப் பாதியில் வைத்துவிடுவோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் நாம் போட்ட சண்டையை நர்ஸ்கள் வந்து விலக்கியதே போதும். எழுத்தில் இருந்தால் யார் என்ன சொன்னது என்பதாவது நிற்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஷெட் பக்கம் போன ஒருவர் படம் எடுத்து அனுப்பியிருந்தார். எங்கள் படகு குப்புறக் கிடக்கிறது. அதன் முதுகில் தண்ணீர்த் தொட்டி மூடிகள், ஒரு பெயிண்ட் வாளி, யாருடையதோ ஈரத்துண்டு. புயலில் அடிபட்டது போதாதென்று துணி காயப்போடவும் எடுத்துக்கொண்டீர்களா? அந்தப் படகில் பாதி என்னுடையது, பாதி அண்ணனுடையது. உங்களுக்கு அதில் ஒரு திருகாணிகூடக் கிடையாது. நீங்கள் ஃபைபர் வேலை செய்கிறவர் என்பதால் அங்கே இறக்கினோம், அவ்வளவுதான்.

ஆகஸ்டில் இங்கே மறுபடியும் பாய்ப்படகுப் பந்தயம். போன வருஷம் கடைசிச் சுற்றில் முதலாவதாகப் போய்க்கொண்டிருந்தவர்கள் நாங்கள். அதை முடிக்காமல் எனக்கு எதுவும் ஓடமாட்டேன் என்கிறது. நோயாளியின் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு ஜன்னல் வழியாகக் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன். படகைச் சரிசெய்து தர முடியுமா, முடியாதா? முடியாது என்றால் வேறு பட்டறைக்கு ஏற்றிப் போகிறேன்.

அண்ணன் தோள் எப்படி இருக்கிறது? கேட்க எனக்கு உரிமை உண்டு, கேட்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரரின் தங்கை


ஜனவரி 19

நாத்தனாருக்கு,

துண்டு என்னுடையது. மூடிகளை ஆள் வந்து எடுத்துப் போய்விட்டார்கள். துண்டு இன்னும் அங்கேதான் காய்கிறது.

முதலில் படகு. பாய்மரம் இரண்டு துண்டு. வலது விலாவில் என் கை முழங்கை வரை போகிற ஓட்டை. அலைதடுப்புக் கல்லின் பொடி உள்ளே வரை கொட்டிக் கிடக்கிறது. நீ உட்கார்ந்து சுக்கான் பிடிக்கிற பின்பக்கத்தில் மட்டும் ஒரு கீறல் கிடையாது. இதைக் குறிப்பாக எழுதுகிறேன்.

அடுத்து தோள். கை தோளுக்கு மேலே ஏறாது. இனி இவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடுப்பு உயரத்தில் எல்லாம் செய்கிறார். பேங்கில் ஸ்டாம்ப் குத்துகிறார், சாப்பிடுகிறார், காய் நறுக்கித் தருகிறார். மேல் அலமாரியில் இருக்கும் டம்ளரை எடுக்க மட்டும் என்னைக் கூப்பிடுகிறார். கூப்பிட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பதில்லை.

அன்றைக்குக் கரையில் நின்றவள் நான். வானம் கறுத்துக்கொண்டு வருவதைப் பார்த்து எல்லாப் படகும் திரும்பிவிட்டது. உன் படகு மட்டும் திரும்பவில்லை. அவர் இடுப்புப் பட்டையைப் பாய்மரக் கம்பியில் மாட்டிக்கொண்டு, விளிம்பில் காலை ஊன்றி, தண்ணீருக்கு மேலே வெளியே தொங்கிக்கொண்டிருந்தார். படகு சாயாமல் இருக்க அவர் உடம்பு. எங்கே போவது என்பதற்கு நீ. நான் கத்திய கத்தலில் பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்க வேண்டிய மகராசி பார்க்கவில்லை. படகு அலைதடுப்புக் கல்லில் போய் மோதியபோது நடுவில் மாட்டியது அவர் தோள்.

படகைச் செய்து தருகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. அவர் இனிமேல் அதில் ஏறக்கூடாது. நான் சொன்னால் கேட்கமாட்டார். "குட்டி கூப்பிட்டா போவேன்" என்று எழுந்தாலும் உட்கார்ந்தாலும் அதே பேச்சு. கம்பியைப் பிடிக்கக் கை ஏறாத மனுஷன்! அதனால் நீயே சொல். நீ வேண்டாம் என்று உன் வாயால் சொல். நான் சொல்லச் சொன்னேன் என்று ஒரு மூச்சு வரக்கூடாது. சொன்ன மறுநாள் உப்புத்தாளைக் கையில் எடுக்கிறேன்.

வேறு பட்டறைக்கு ஏற்றிப் போகிறாயா, தாராளமாக. உன் பாதியை மட்டும் அறுத்து எடுத்துப் போ. இன்னொரு பாதி என் வீட்டுக்காரருடையது, அது இங்கேயே கிடக்கும்.

ஷெட்காரி


பிப்ரவரி 6

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழித்துப்போட்டேன். அப்புறம் கூடையிலிருந்து பொறுக்கி ஒட்டவைத்து மறுபடியும் படித்தேன். பல் டாக்டருக்கும் ஒட்டத் தெரியும்.

அன்று நான் அவனைக் கேட்காமல் போகவில்லை. "அண்ணா, போலாமா?"ன்னு கேட்டேன். "போலாம்"னான். இதை எத்தனை தடவை சொன்னாலும் உங்கள் மண்டையில் ஏறாது, ஏனென்றால் ஏறினால் யாரைத் திட்டுவீர்கள்? எனக்கு அண்ணன் என்று இருப்பது ஒருத்தன். சைக்கிளின் பின்னால் ஓடிவந்து எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவன். நேற்று வந்த நீங்கள் எனக்கு அவன் அருமையைச் சொல்லித் தர வேண்டாம்.

நீங்கள் கேட்டதைச் செய்துவிட்டேன். திங்கட்கிழமை, கிளினிக்கில் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு போன் போட்டேன். "அண்ணா, உன் கை இனிமே கம்பிக்கு ஆகாது. வேற ஆள் பாத்துட்டேன். நீ இருந்தா ஜெயிக்க முடியாது." அந்தக் கடைசி வார்த்தை நீங்கள் கேட்காதது. கொஞ்சம் நிறுத்தினால் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவேனோ என்று பயந்து நானே சேர்த்தேன்.  

அப்புறம் சொன்னான்: "சரி குட்டி. புது ஆள்கிட்ட விளிம்பு வழுக்கும்னு சொல்லி வை."

வெளியே வந்தேன். காத்திருந்த பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பல்லை இன்னொரு நாள் பிடுங்கிக்கொள்கிறேன் என்று எழுந்து போய்விட்டார்.

எடுங்கள் உங்கள் உப்புத்தாளை.

கிழித்து ஒட்டியவள்


மார்ச் 10

நாத்தனாருக்கு,

எடுத்தாகிவிட்டது. ஓட்டையைச் சுற்றி நல்ல பாகம் வருகிறவரை அறுத்துவிட்டேன். இப்போது பார்த்தால் முன்பைவிடப் பெரிய ஓட்டை. பயப்படாதே, இப்படித்தான் செய்வார்கள். ஓரத்தைச் சரிவாகத் தேய்த்து, ஃபைபர் துணிமேல் துணியாக ரெசின் பசை ஊற்றி ஒட்டிக்கொண்டு வருகிறேன். புதுப் பாய்மரத்துக்குச் சொல்லியாகிவிட்டது. உடம்பெல்லாம் அரிப்பு. நீ ஒரு பல்லை அடைக்கிற பசையைவிட என் முடியில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவது அதிகம்.

அது இருக்கட்டும். அவரிடம் என்னதான் சொல்லித் தொலைத்தாய்? பேங்கிலிருந்து வந்தால் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்தபடி இருக்கிறார். முன்பெல்லாம் சனிக்கிழமை ஷெட்டுக்கு வந்து என் வேலையில் நொட்டை சொல்லுவார். இப்போது அந்தத் தெருவையே சுற்றிப் போகிறார். டிவியில் வானிலைச் செய்தி வந்தால் அணைத்துவிடுகிறார். நேற்று பழைய பாயை எடுத்துவந்து, இதை வெட்டி ஸ்கூட்டருக்கு உறை தைத்துவிடு என்கிறார். பந்தயப் பாய்! அதில் ஒரு சுருக்கம் விழுந்தால் வீட்டையே இரண்டாக்கின மனுஷன்!

வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். ஆளை உயிரோடு புதைக்கச் சொன்னேனா?

ஷெட்காரி


மார்ச் 18

அண்ணிக்கு,

அடேயப்பா! என் வாயை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, பேசியது சரியில்லை என்று குறையும் சொல்கிறீர்களே! கேட்டது கிடைத்ததல்லவா? புருஷன் பத்திரமாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். வைத்துக்கொண்டு கொண்டாடுங்கள்.

நான் இந்தப் பக்கம் என் வேலையைப் பார்க்கிறேன். கம்பிக்குப் புது ஆள் எடுத்தாகிவிட்டது. எங்கள் கட்டிடத்தில் எக்ஸ்ரே எடுக்கிற பெண். நல்ல உயரம், நல்ல கனம். காற்று எந்தப் பக்கம் என்று கேட்டால் என் முகத்தைப் பார்க்கிறாள், ஆனால் கற்றுக்கொள்வாள்.

படகு விஷயத்தில் நான் சொல்வதை அப்படியே செய்யுங்கள். பந்தயத்துக்கு முன் எடை போடுவார்கள். கனம் கூடினால் தோற்க வேறு காரணமே வேண்டாம். உங்கள் தண்ணீர்த் தொட்டிக்குப் போடுகிற மாதிரி துணியை அப்பிவிடாதீர்கள். பின்பக்கம், என் இடத்தில், ஒன்றையும் தொடாதீர்கள். விளிம்பில் அந்த மணல் கலந்த பெயிண்டைப் பூச வேண்டாம். வழுவழுப்பாகவே இருக்கட்டும். வழுக்குவது படகின் குறை இல்லை, நிற்கிற ஆளின் குறை.

கூலிக்குப் பேசியவள்


ஏப்ரல் 27

நாத்தனாருக்கு,

விலா ஒட்டி, தேய்த்து, முதல் பூச்சு அடித்தாயிற்று. தராசில் தூக்கிப் பார்த்தேன். முன்பு இருந்ததைவிட ஒரு பூசணிக்காய் அளவு கூடுதல். தேய்த்து எடுக்கமாட்டேன். கல் உள்ளே வந்த இடம் அது. உன் பந்தயக்காரர்கள் ஏதாவது சொன்னால் என்னிடம் அனுப்பு.

உன் அண்ணன் போன வாரம் ஷெட்டுக்கு வந்தார். சாவி மறந்துவிட்டாராம். நல்ல மழை, உடனே கிளம்ப முடியவில்லை. நான் தொட்டிக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் படகுக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறார். ஸ்டாண்டு மேல் நிற்கிற படகு, கீழே சிமெண்ட் தரை. மழை விடும்வரை இருந்தார்.

இன்னொன்று. உன் உயரம், எடை, இடுப்பு அளவு மூன்றையும் எழுதி அனுப்பு. சரியான அளவாக இருக்கட்டும். கல்யாணத்துக்கு முன்னால் இருந்த அளவு வேண்டாம்.

ஷெட்காரி


மே 5

அண்ணிக்கு,

என் இடுப்பு அளவு உங்களுக்கு எதற்கு? கல்லறைக்கு அளவெடுக்கிறீர்களா? படகைக் கனமாக்கிவிட்டு, இப்போது "நீ குண்டு, அதனால்தான் ஓடவில்லை" என்று சொல்லப் போகிறீர்கள், அதுதானே! நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், அளவுகளைத் தனித்தாளில் இதோடு வைத்திருக்கிறேன். கிளினிக் மெஷினில் நின்று பார்த்தது. அண்ணன் தோள் உடைந்த நாளிலிருந்து நான் இளைத்துத்தான் போயிருக்கிறேன். நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்று தெரியும், இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

எக்ஸ்ரேக்காரி நின்றுவிட்டாள். தெரிந்த ஒருவரின் படகில் பயிற்சிக்குப் போனோம். மூன்றாவது நாள் கரைக்கு வந்ததும் பட்டையைக் கழற்றி என் மடியில் போட்டாள். "டாக்டர், கிளினிக்ல பூனை மாதிரி பேசறீங்க. தண்ணிக்குப் போனா என்ன இப்படிக் கத்தறீங்க? எனக்கு எங்க அம்மாகூட இவ்வளவு திட்டினதில்ல." நான் கத்துகிறேனாம். காற்றில் பின்னே எப்படிப் பேசுவது, காதில் கிசுகிசுப்பதா? சந்தோஷப்படாதீர்கள். ஆள் கிடைக்கும்.

அவன் படகுக்குள் எங்கே உட்கார்ந்தான்? அதை எழுதவே இல்லையே.

அளவு கொடுத்தவள்


ஜூலை 16
(படகுக்குள், பின்பக்கப் பெட்டியில் டேப் போட்டு ஒட்டியது)

நாத்தனாருக்கு,

லாரியிலிருந்து இறக்கிவிட்டுத்தானே இதைப் பார்க்கிறாய்? இறக்குகிறவர்களைப் போகச் சொல்லிவிட்டு, உட்கார்ந்து படி. அவர்கள் முன்னால் கத்தாதே.

எங்கே உட்கார்ந்தார் என்று கேட்டாய். பின்பக்கம். உன் இடத்தில். சுக்கான் கட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஷெட்டு தகரத்தில் மழை கொட்டுகிறது, இவர் அந்த ஒடிந்த தோளோடு கட்டையை இப்படி இழுக்கிறார், அப்படித் தள்ளுகிறார், தலையைத் தூக்கி இல்லாத பாயைப் பார்க்கிறார். சுக்கான் கட்டை இடுப்பு உயரம். அங்கே அவர் கை நன்றாகவே போகிறது. தொட்டிக்காரர் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.

அதனால் உன் இடத்தைத் தொட்டுவிட்டேன். சுக்கானைப் பிடிக்கிற நீட்டுக்கட்டையை அவர் கைக்கு எட்டுகிற அளவில் வெட்டினேன். கால் மாட்டுகிற பட்டையை அவர் கால் நீளத்துக்கு மாற்றினேன். நீ உட்கார்ந்தால் எட்டாது, முயற்சி செய்யாதே. நீலப் பையில் கம்பிக்கான இடுப்புப் பட்டை இருக்கிறது. உன் அளவு. நானே தைத்தது.

சுக்கானில் அவர். கம்பியில் நீ.

நான் மனம் மாறிவிட்டேன் என்று நினைக்காதே. வீட்டில் உட்கார்ந்து செத்துக்கொண்டிருக்கிற மனுஷனோடு என்னால் குடும்பம் நடத்த முடியவில்லை. தண்ணீருக்குப் போகத்தான் போகிறார் என்றால் சுக்கான் அவர் கையில் இருக்கட்டும். அவர் கையில் இருந்தால் படகு திரும்பி வரும் என்று எனக்குத் தெரியும். உன் கையில் இருந்தால் தெரியாது.

அவருக்கு இது எதுவும் தெரியாது. வேண்டாம் என்று ஒரு போனில் சொன்னாயே, இதையும் நீதான் சொல்ல வேண்டும்.

ஷெட்காரி


ஜூலை 21

அண்ணிக்கு,

முடியாது. முடியாது. முடியாது.

பதினாறு வயதிலிருந்து சுக்கான் பிடிக்கிறேன். அந்த இடத்தில் உட்காரும்போது மட்டும்தான் எனக்கு நான் யார் என்று தெரியும். கிளினிக்கில் நான் வெள்ளைக் கோட்டு, வீட்டில் ஒரு சாவிக்கொத்து. அதைப் போய் ஒரு ரம்பத்தை வைத்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அறுத்திருக்கிறீர்கள். இதற்கு அன்றைக்கே படகைக் கடலில் விட்டிருக்கலாம். அண்ணனைக் காட்டிக் காட்டி என்னை எத்தனை முறைதான் வெட்டுவீர்கள்? முதலில் அவனை என் வாயால் துரத்த வைத்தீர்கள். இப்போது என்னை என் வாயாலேயே எழுந்து போகச் சொல்கிறீர்கள். நல்ல குடும்பத்தில்தான் வந்து வாய்த்தீர்கள்!

நான் குட்டை, அவன் கனம். நான் கம்பியில் நின்றால் படகு நிமிருமா? இதையாவது யோசித்தீர்களா? யோசித்துத்தான் விலாவில் பூசணிக்காயை வைத்தீர்களோ?

பின்பக்கம் உட்கார்ந்து பார்த்தேன். எட்டவில்லை. அந்தப் பட்டையை எடுத்து எறியத்தான் பையைத் திறந்தேன். தையலைப் பார்த்தேன். மாட்டிப் பார்த்தேன்.

சரியாக இருக்கிறது. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

முடியாது.

(கையெழுத்து இல்லை)


ஆகஸ்ட் 2

நாத்தனாருக்கு,

ஞாயிற்றுக்கிழமை யாரோ போன் போட்டார்கள். யார் என்று நான் கேட்கவில்லை. பேசிவிட்டு மொட்டைமாடிக்குப் போனார். ரொம்ப நேரம் வரவில்லை. வந்து தன் பழைய தொப்பி எங்கே என்றார். ஸ்கூட்டருக்கு உறை தைக்கச் சொன்னார் என்று எழுதினேனே அந்தப் பாய், நான் அதை வெட்டவில்லை. அதையும் எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை பஸ் ஏறுகிறார். எங்கள் தெருவில் இருக்கிற எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது.

நான் வரவில்லை. கரையில் ஒருமுறை நின்றது எனக்கு ஆயுசுக்கும் போதும்.

கம்பியில் நிற்கிறவள் வயிறாரச் சாப்பிட வேண்டும். நீ எழுதிய எடை போதாது. சாப்பிடு.

ஷெட்காரி


ஆகஸ்ட் 20

அண்ணிக்கு,

உங்கள் புருஷன் ஊர் வந்து சேர்ந்திருப்பான், எல்லாம் அளந்திருப்பான். அவன் சொன்னதில் பாதி பொய். நான் எழுதுகிறேன்.

முதல் நாள் ஒன்பதாவது. என் தப்பு, கம்பியில் கொக்கி மாட்டத் தெரியாமல் தண்ணீரில் விழுந்தேன். அவன் சிரித்தான். இரண்டாம் நாள் ஐந்தாவது. அன்று நான் விழவில்லை, ஆனாலும் சிரித்தான். உங்கள் விலா ஒரு சொட்டு ஒழுகவில்லை. எடை போட்டவர் முகத்தைச் சுளித்தார், நான் அவர் பல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேன், விட்டுவிட்டார்.

கடைசி நாள் மூன்றாவதாகப் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் இரண்டே படகு. அப்போது வந்தது, அதே மாதிரி, அதே பக்கத்திலிருந்து கறுப்பாக. நான் வெளியே தொங்கிக்கொண்டிருக்கிறேன். முதுகுக்குக் கீழே தண்ணீர் ஓடுகிறது. கையில் ஒன்றும் இல்லை, கால் மட்டும்தான் படகில் இருக்கிறது. அவன் கத்திக் கேட்டான்: "குட்டி, போலாமா?"

"போலாம்"னேன்.

அண்ணி, அந்த இடத்தில் தொங்குகிறவர்கள் வேறு எதுவும் சொல்ல மாட்டார்கள். எனக்கு இது இத்தனை நாள் தெரியாது.

அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் சுக்கானைக் கரைப் பக்கம் திருப்பிவிட்டான். நான் போட்ட கூச்சலைக் கேட்டிருக்க வேண்டும். "முட்டாள், கோழை, முன்னால ரெண்டே பேருதாண்டா!" அவன் திருப்பிக் கத்தினான்: "வாய மூடிட்டுக் காலை ஊன்று!" வாழ்க்கையில் முதல் தடவையாக என்னைப் பார்த்துக் கத்துகிறான். கரைக்கு வந்து சேர்ந்தோம். மேகம் அப்படியே எங்கள் தலைக்கு மேலே போய் எங்கேயோ பெய்தது. இங்கே ஒரு தூறல் இல்லை, நல்ல வெயில். திரும்பாத படகுக்காரர்கள் எல்லாம் சௌக்கியமாக முடித்து வந்தார்கள். நாங்கள் முடிக்காதவர்கள் கணக்கில். உங்களால் வந்தது. சந்தோஷம்தானே?

அவனுக்குச் சந்தோஷம். பாயை மடித்துக்கொண்டே பாட்டுப் பாடுகிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டு விஷயம். ஒன்று, நானும் தண்ணீரில் அப்படியா கத்துவேன்? உண்மையைச் சொல்லுங்கள். இரண்டு, அந்த விளிம்பு பயங்கரமாக வழுக்குகிறது. காலை எங்கே ஊன்றுவது? கம்பியில் நிற்கிறவள்தானே, எப்படியோ போகட்டும் என்று விட்டுவிட்டீர்களா? அடுத்த வருஷத்துக்குள் அதை ஒழுங்காகச் செய்து வையுங்கள்.

குட்டி


ஆகஸ்ட் 28

நாத்தனாருக்கு,

ஒன்று. ஆமாம். கரை வரைக்கும் கேட்கும்.

இரண்டு. "வழுவழுப்பாகவே இருக்கட்டும், வழுக்குவது நிற்கிற ஆளின் குறை" என்று மார்ச் மாதம் நீ எழுதியது என்னிடம் பத்திரமாக இருக்கிறது. எழுத்தில் இருக்கட்டும் என்று சொன்னவளும் நீதான்.

மணல் பெயிண்ட் வாங்கிவிட்டேன். படகை லாரியில் ஏற்றி அனுப்பு. கூடவே நீயும் வா. காலை எங்கே ஊன்றுவாய் என்று நீ ஏறி நின்று காட்டினால்தான் சரியான இடத்தில் பூச முடியும். இரண்டு நாள் தங்க வேண்டியிருக்கும். சாப்பாடு போடுகிறேன். பேசுவேன் என்று எதிர்பார்க்காதே.

அண்ணி